மியூசிக் வீடியோ நினைத்தபடி வரவில்லை. ரிஃப்ளெக்‌ஷன் கட்டுரையில் அதை எப்படி எழுதுவது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் சர்வதேசப் பாடத்திட்டத்தில் ஏ லெவல் மீடியா ஸ்டடீஸ் படிக்கிறீர்கள். நான்கு பேர் சேர்ந்து 3 நிமிடம் 40 விநாடி ஓடும் ஒரு பாட்டுக்கு மியூசிக் வீடியோ எடுத்திருக்கிறீர்கள். கூடவே ஆல்பத்துக்கு டிஜிபேக் என்ற மடிப்பு அட்டை சிடி உறை, பாடகிக்கு ஒரு சமூக ஊடகப் பக்கம். பாடகியாக நடித்த தோழி முதல் நாள் வந்தார், இரண்டாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுபடி ஷூட் வைக்க நாள் இல்லை. அதனால் 1 நிமிடம் 50 விநாடிக்குப் பிறகு வீடியோவில் அவர் முகமே கிடையாது. காலி நாற்காலி, மாடிக் கொடியில் காயும் அவருடைய மஞ்சள் துப்பட்டா, முதுகுப் பக்கமாக நடந்துபோகும் இன்னொரு பெண், அவ்வளவுதான். ஆனால் டிஜிபேக்கின் முன்னட்டையில் தோழியின் முகம் பெரிதாக இருக்கிறது. இப்போது, உங்கள் வேலையை நீங்களே அலசி மதிப்பிடும் கட்டுரையாக, ஆயிரம் சொல்லில் கிரிட்டிகல் ரிஃப்ளெக்‌ஷன் எழுத வேண்டும். முதல் வரைவைப் படித்த ஆசிரியர் "இது டைரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "முகத்தை வேண்டுமென்றேதான் மறைத்தோம் என்று எழுதிவிடலாமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தலைப்பில் "ரிஃப்ளெக்‌ஷன் எழுதுவது எப்படி" என்று இருந்தாலும் உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. தற்செயலாக நடந்த ஒன்றைத் திட்டம் என்று சொல்லலாமா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் விஸ்காம் படித்தேன், சில வருடம் எடிட்டிங் வேலை பார்த்தேன், அதன் பிறகு பதினோரு வருடமாக உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு மீடியா சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வு வாரியத்துக்குத் தாள் திருத்தியவன் அல்ல. ஆகவே மதிப்பெண் பற்றி நான் சொல்வதெல்லாம் வகுப்பறையிலிருந்து பார்த்தது. வீடியோ, அட்டை பற்றிச் சொல்வது கைப்பட்டறிவு. உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் விவரித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

வேண்டுமென்றே செய்தோம் என்று எழுதாதீர்கள். இது நல்லொழுக்க வகுப்பு இல்லை. அந்தப் பொய் நிற்காது, அதனால் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்றால், நானே சொல்லி மாட்டியிருக்கிறேன். எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டும் இதே மாதிரிதான்: ஒரு பாட்டு, ஒரு வீடியோ, ஒரு சிடி உறை. வீடியோ முழுக்க இரவு, நல்ல பளீர் நீலம். அதே நீலத்தை அட்டைக்கும் எடுத்து வைத்தோம். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கொடுத்து வாங்கினால், அட்டை கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கிறது. அச்சகத்தார் மேல் தப்பில்லை. திரையில் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் உண்டாகும் அந்தப் பளீர் நீலம், சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளுக்குள் அடங்காது. அதை அப்படியே அனுப்பினால் மெஜந்தா தூக்கலாகி ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். "தம்பி, அங்கே வெளிச்சம், இங்கே வெறும் மை" என்று அந்த மனிதர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மறுபடி அச்சடிக்கக் காசில்லை. அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? "ஏக்கத்தின் நிறமாக ஊதாவைத் தேர்ந்தெடுத்தோம்." வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதைப் படித்தார், வீடியோவை ஓடவிட்டார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் வீடியோ ஏன் நீலம்?" என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் திரை நிறத்துக்கும் அச்சு நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் பற்றி ஒரு பத்தி நிறைய எழுத விஷயம் இருந்தது. பொய் சொன்னதால் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

உங்கள் நிலைமையும் அச்சு அசல் அதுதான். பின்பாதியில் முகமில்லாமை உங்கள் திட்டம் என்றால், அட்டையில் ஏன் அத்தனை பெரிய முகம் என்ற கேள்வி வந்தே தீரும். நிஜத் திட்டம் எல்லா இடத்திலும் தடம் விட்டிருக்கும். காட்சிகளை முன்கூட்டி வரைந்துவைத்த ஸ்டோரிபோர்டில் இருக்கும், அட்டையில் இருக்கும், சமூக ஊடகப் பக்கத்தில் போட்ட முதல் படத்தில் இருக்கும். ஒட்டவைத்த திட்டம் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அதற்காக, காய்ச்சல் வந்தது, நாங்கள் தவித்தோம், பிறகு எப்படியோ சமாளித்தோம் என்று எழுதுவதா? அதைத்தான் ஆசிரியர் டைரி என்கிறார். அவர் சொன்னது சரி. காய்ச்சல் வந்தது ஒரு சம்பவம். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. காய்ச்சல் வந்த மறுநாள் காலை, கையில் இருந்த காட்சிகளைப் பார்த்து எதை வைப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் அவர் முகத்தைக் கடைசியாகக் காட்டுவது என்று முடிவெடுத்தீர்களே, அங்கேதான் உங்கள் பங்கு தொடங்குகிறது. தோழியின் தங்கையை முன்னால் நிறுத்தி எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. முதல் நாள் எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கலாம், போடவில்லை. பாட்டையே இரண்டு நிமிடத்தில் வெட்டியிருக்கலாம். இத்தனை வழிகளிலிருந்து நாற்காலியையும் துப்பட்டாவையும் தேர்ந்தெடுத்தது நீங்கள். தற்செயல் உங்களுக்குக் கொடுத்தது ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைச் சுற்றி என்ன தைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். அதில் பொய் ஒன்றும் வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் மாதிரி தேடினால் ஆயிரக்கணக்கான மாணவர் வலைப்பதிவுகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் முன்பு நடத்திய பழைய ஏ லெவலுக்கு எழுதியவை. அதிலும் மியூசிக் வீடியோ, டிஜிபேக், பத்திரிகை விளம்பரம் என்ற கூட்டு உண்டு. நூற்றில் இருபது மதிப்பெண், மாணவர் தன் படைப்பைத் தானே மதிப்பிட்டு எழுதும் பகுதிக்கு. அதற்கு நான்கு நிலையான கேள்விகள் இருந்தன: நிஜ ஊடகப் படைப்புகளின் மரபுகளை எப்படிப் பயன்படுத்தினாய் அல்லது மீறினாய், முதன்மைப் படைப்பும் துணைப் படைப்புகளும் எவ்வளவு பொருந்துகின்றன, பார்வையாளர் கருத்திலிருந்து என்ன கற்றாய், தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தினாய். 2017-இல் பிரிட்டனில் பாடத்திட்டம் மாறியபோது அது போய்விட்டது. உங்கள் கேம்பிரிட்ஜ் சர்வதேசத் திட்டத்தின் நான்கு கேள்விகள் வேறு: உங்கள் படைப்புகள் ஒரு சமூகக் குழுவையோ பிரச்சினையையோ எப்படிச் சித்திரிக்கின்றன, படைப்பின் பகுதிகள் சேர்ந்து ஒரு பிராண்டிங்கை எப்படி உண்டாக்குகின்றன, பார்வையாளரை எப்படி ஈர்க்கின்றன, உங்கள் ஆய்வு படைப்பையும் மரபுகளை நீங்கள் கையாண்ட விதத்தையும் எப்படி வடிவமைத்தது. கவனித்தீர்களா, "என்ன தொழில்நுட்பம் பயன்படுத்தினாய்" என்ற கேள்வியே இதில் இல்லை. பழைய மாதிரிகளைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் எந்தக் கேமரா, எந்த மென்பொருள் என்று இருநூறு சொல்லைக் கரைத்துவிடுகிறார்கள். உங்கள் முதல் வரைவிலும் அது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

தொழில்நுட்பம் எழுதவே கூடாது என்றில்லை. அது எதற்காக என்று சேர்த்து வந்தால் பலம். முதல் நாள் காட்சிகளில் சிலவற்றை ஸ்லோ மோஷனில், ஆனால் உதடு பாட்டோடு பொருந்தும்படி எடுத்ததாகச் சொல்லியிருந்தீர்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, தோழியை அந்த வேகத்துக்கே பாடவைத்து, விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, பிறகு 25-இல் ஓட்டும் வழிதானே. "50 ஃபிரேமில் எடுத்தோம்" என்று எழுதினால் அது தகவல். "உதடு பாட்டோடு சரியாகப் போகிறது, ஆனால் முடியும் துணியும் காற்றில் மெதுவாக அசைகின்றன, அதனால் அவள் மட்டும் வேறொரு நேரத்தில் இருப்பது போலத் தெரிகிறது" என்று எழுதினால் அது சிந்தனை. அதற்கு அடுத்த வாக்கியத்தை நீங்களே எழுதிவிடலாம்: வேறொரு நேரத்தில் இருந்தவள் பின்பாதியில் இல்லாமலே போகிறாள். பார்த்தீர்களா, முதல் நாள் நிஜமாகவே திட்டமிட்ட ஒன்றுக்கும் இரண்டாம் நாள் தற்செயலுக்கும் நடுவில் ஒரு பாலம் கிடைத்துவிட்டது. இந்தப் பாலம் எடிட்டிங் டேபிளில்தான் கண்ணில் பட்டது என்றால் அப்படியே எழுதுங்கள்.

இனி முகம் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் உங்களுக்கு நிறையக் கிடைக்கும். மியூசிக் வீடியோ பற்றி வகுப்பில் ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் பெயர் கட்டாயம் வந்திருக்கும். 1992-இல் வந்த அவருடைய நூலிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்வது மூன்று உறவுகளை: காட்சி பாடல் வரியை அப்படியே படமாக்கலாம், அதற்கு மேல் ஒரு அர்த்தம் கூட்டலாம், அல்லது வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அதே சட்டகத்தில் இன்னொன்றும் உண்டு. பாடகரின் குளோசப் நிறைய இருக்க வேண்டும் என்பது ரெக்கார்டு கம்பெனியின் தேவை, ஏனென்றால் விற்க வேண்டியது அந்த முகம். 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே மியூசிக் வீடியோ அடிப்படையில் ஒரு விளம்பரம்தான். அப்படியானால் பாதி வீடியோவில் முகமே இல்லை என்பது ஒரு மரபு மீறல். ஆனால் "நாங்கள் மரபை மீறினோம்" என்று நெஞ்சு நிமிர்த்தி எழுத வேண்டாம். மீறலின் விலை என்ன என்று எழுதுங்கள். புதுப் பாடகி ஒருத்தியை அறிமுகப்படுத்தும் வீடியோவில் இரண்டாம் பாதி முழுக்க அவளைக் காட்டாவிட்டால், பார்த்தவருக்கு அவள் முகம் மறுநாள் நினைவிருக்குமா? ஏற்கெனவே பெயர் எடுத்த பாடகர் முகத்தை மறைப்பது ஒன்று, யாருக்கும் தெரியாத ஒருத்தி மறைவது இன்னொன்று. முதலாவது மர்மம். இரண்டாவது வெறும் காணாமல் போவது. இந்த வித்தியாசத்தை ஒரு மாணவர் எழுதினால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் அட்டை காப்பாற்றுகிறது. முரண் என்று நீங்கள் பயப்படும் அந்தப் பெரிய முகம்தான் வீடியோவின் ஓட்டைக்கு மறுபாதி. ஜான் எல்லிஸ் என்ற ஆய்வாளர் 1982-இல் நட்சத்திரங்களைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயம் சொன்னார்: பத்திரிகைப் படம், வானொலிக் குரல் என்று வெளியே உலவும் நட்சத்திரப் பிம்பங்கள் எல்லாம் அரைகுறையானவை. ஒன்றில் முகம் மட்டும், ஒன்றில் குரல் மட்டும். அந்தக் குறைதான் ஆளைத் திரையரங்குக்கு இழுக்கிறது, முழுசாகப் பார்க்க. நட்சத்திரம் இருக்கவும் செய்கிறார், இல்லாமலும் இருக்கிறார் என்ற அந்தக் கருத்து வகுப்பறைக் குறிப்புகளில் பெரும்பாலும் ரிச்சர்ட் டையர் என்ற இன்னொரு ஆய்வாளர் பெயரில் ஓடுகிறது. டையரின் 1979 நூலும் நட்சத்திரங்களைப் பற்றியதுதான், ஆனால் இந்த அரைகுறைப் பிம்பம் என்ற வாதம் எல்லிஸுடையது. சரி, அதை விடுங்கள். அட்டையில் முகம் இருக்கிறது, குரல் இல்லை. வீடியோவின் பின்பாதியில் குரல் இருக்கிறது, முகம் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பாடகி முழுசாகிறாள். "இப்படித் திட்டமிட்டோம்" என்று எழுதினால் பொய். "முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இப்படி வேலை செய்வதைக் கண்டோம், அதன் பிறகு சமூக ஊடகப் பக்கத்தை அதற்கேற்ப மாற்றினோம்" என்று எழுதினால் முழு உண்மை, மாற்றியிருந்தால். இன்னும் மாற்றவில்லை என்றால், சமர்ப்பிக்க நாள் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். துப்பட்டா மட்டும் தெரியும் படத்தை முதலில் போட்டு, முகத்தைக் கடைசியில் வெளியிடுவது ஒரு மாலை வேலை. உங்கள் பிராண்டிங் கேள்விக்கு அது ஒரு முழுப் பத்தி தரும்.

மாணவர்கள் பிராண்டிங் என்றதும் ஒரே நிறம், ஒரே எழுத்துரு என்று இரண்டு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் தொடக்கம்தான். உறை என்பது பாட்டுக்கு ஒரு முகம் கொடுக்கும் இடம் என்ற எண்ணமே அவ்வளவு பழையதல்ல. இசைத்தட்டுகள் பழுப்புக் காகித உறையிலும் வெறும் எழுத்துப் பொறித்த ஆல்பத்திலும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-ஐ ஒட்டித்தான் ஓவியம் தீட்டிய உறைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து 31 சென்டிமீட்டர் எல்பி உறை, கேசட்டின் மடிப்புத் தாள், 12 சென்டிமீட்டர் சிடி என்று சுருங்கிக்கொண்டே வந்து இப்போது கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நிற்கிறது. டிஜிபேக் என்பதும் ஒரு கம்பெனியின் வணிகப் பெயராகப் பிறந்து, மடித்த அட்டையில் பிளாஸ்டிக் தட்டை ஒட்டிய எல்லா உறைக்கும் பொதுப்பெயராகிவிட்டது, நம் ஊரில் ஜெராக்ஸ் போல. உங்கள் வயதில் யாரும் சிடி வாங்குவதில்லை, பிறகு ஏன் இதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. என் அபிப்பிராயம், வெறும் அபிப்பிராயம்தான்: ஒரு சதுரப் படம் எந்தப் பொய்யையும் தாங்கிக்கொள்ளும். ஆறு பலகை உறை தாங்காது. முன்னட்டை, பின்னட்டை, உள்ளே திறந்தால் என்ன, சிடியை எடுத்தால் அடியில் என்ன, அலமாரியில் செருகினால் தெரியும் முதுகுப் பட்டையில் என்ன என்று வரிசையாக முடிவெடுக்க வைக்கும். உங்களிடம் ஒரு பாடகியின் உலகம் இருக்கிறதா, ஒரே ஒரு நல்ல போட்டோ மட்டும் இருக்கிறதா என்பது மூன்றாவது பலகையில் தெரிந்துவிடும்.

உங்களுடையதில் சிடிக்கு அடியில் வெறும் கறுப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். சிடியை எடுத்ததும் தெரியும் இடம் அது. காலி நாற்காலி அங்கே போயிருக்க வேண்டும்! கையில் காட்சி இருந்தும் விட்டுவிட்டீர்கள். இதை ரிஃப்ளெக்‌ஷனில் குறை என்றே எழுதுங்கள், மழுப்ப வேண்டாம். ஆனால் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிடுங்கி அங்கே போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டிஜிபேக் பலகை ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம், 12.5 சென்டிமீட்டர் உயரம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் உயரத்துக்கு மட்டும் 1476 பிக்சல் வேண்டும், வெட்டுக்கு விடும் 3 மில்லிமீட்டர் ஓரம் தனி. ஃபுல் எச்டி ஃபிரேமின் உயரம் 1080தான். அச்சில் கொழகொழவென்று தெரியும். ஷூட்டிங் இடத்தில் ஒருவர் கையில் தனிக் கேமரா கொடுத்து ஸ்டில் எடுக்கச் சொல்வது இதற்குத்தான். "இரண்டாம் நாள் ஸ்டில் எடுக்க ஆள் வைக்கவில்லை, அதனால் வீடியோவின் இல்லாமை அட்டைக்குள் வர முடியவில்லை" என்பது ஒரு வாக்கியம். அதில் காரணம், விளைவு, பாடம் மூன்றும் இருக்கின்றன. எந்தக் கோட்பாட்டாளரின் பெயரையும் விட அது கனமானது என்பேன்.

கோட்பாட்டுப் பெயர்கள் எவ்வளவு வேண்டும் என்பது உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். பெயரே இல்லாமல் கூர்மையாக எழுதித் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏழு பெயர்களை அடுக்கிவிட்டு ஒன்றுமே சொல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆயிரம் சொல்லில் இரண்டு, மூன்று பெயருக்கு மேல் இடமில்லை என்பது என் கணக்கு. ஒரு பெயரைப் போட்டால் அது உங்கள் வீடியோவின் குறிப்பிட்ட ஒரு ஷாட்டைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

பார்வையாளர் பற்றிய கேள்விக்கு நீங்கள் முப்பது நண்பர்களிடம் கூகுள் ஃபார்ம் அனுப்பி, 90 சதவீதம் பேருக்குப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நண்பர்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும். "பிடித்ததா" என்பதை விட்டுவிட்டு "என்ன நடந்தது" என்று கேளுங்கள். வீடியோவைத் தெரியாத நான்கைந்து பேரைப் பிடியுங்கள், வகுப்புக்கு வெளியே, முடிந்தால் ஒரு பெரியம்மாவும் சேர்த்து. அட்டையை மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, இது எந்த மாதிரிப் பாட்டாக இருக்கும் என்று கேளுங்கள். பிறகு வீடியோவை ஓட்டி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். செத்துப்போய்விட்டாள் என்று ஒருவர் சொல்வார், கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று இன்னொருவர், வெளிநாடு போய்விட்டாள் என்று மூன்றாமவர். நான் ஊகிக்கிறேன், ஆனால் கொடியில் ஒரு துப்பட்டாவும் காலி நாற்காலியும் காட்டினால் நம் வீடுகளில் இந்த மூன்றும் வந்தே தீரும். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் சொன்னது இதைப் பற்றித்தான்: நீங்கள் குறியீடாக்கி அனுப்பும் அர்த்தம் ஒன்று, பார்ப்பவர் பிரித்தெடுக்கும் அர்த்தம் அவரவர் நிலையைப் பொறுத்தது. ஏற்பார், பாதி ஏற்பார், எதிர்ப்பார். உங்கள் விஷயத்தில் சுவாரசியம் என்னவென்றால், பின்பாதிக்கு நீங்கள் அனுப்பிய அர்த்தம் என்று முன்கூட்டி ஒன்று இருக்கவே இல்லை. பார்த்தவர்கள் போட்டு நிரப்பினார்கள். இதை மறைப்பானேன்? சித்திரிப்பு பற்றிய கேள்விக்கும் இதுவே கைகொடுக்கும். ஒரு இளம்பெண் காணாமல் போனால் பார்ப்பவர் மனம் முதலில் மரணத்துக்கோ கல்யாணத்துக்கோ ஓடுகிறது என்றால், அது உங்கள் வீடியோவைப் பற்றியும் சொல்கிறது, பார்ப்பவரைப் பற்றியும் சொல்கிறது. பாடகர் ஓர் ஆணாக இருந்திருந்தால் வேலைக்குப் போய்விட்டான் என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்று, நம் ஆட்கள் எல்லோருக்கும் சொல்வது. நாம் சினிமாப் பாட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே திரையில் இருப்பவர் பாடுபவர் அல்ல, கதாபாத்திரம். பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரக் கதை தாங்குகிறது. அதே பழக்கத்தில் மியூசிக் வீடியோ எடுக்கும் பிள்ளைகள் பாடகரைக் காதல் கதையின் நாயகராக்கி, மழை, பேருந்து நிறுத்தம், டைரி, பிரிவு என்று ஒரு படத்தின் நடுவிலிருந்து கிழித்தெடுத்தது போல ஒன்றைக் கொண்டுவருவார்கள். அதில் பாடகர் யார் என்பதே தெரியாது. உங்கள் முதல் ஸ்டோரிபோர்டும், நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அப்படித்தான் இருந்திருக்கிறது. தோழி வராமல் போனது உங்களை அந்தக் கதையிலிருந்து விடுவித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் தோன்றினால், ஆய்வு பற்றிய கேள்வியின் கீழ், திரைப்பாடல் மரபிலிருந்து மியூசிக் வீடியோ மரபுக்கு நகர்ந்ததாக எழுத இடமிருக்கிறது. தோன்றாவிட்டால் என் வாக்கியத்தை இரவல் வாங்காதீர்கள். ஆசிரியர் கேட்கும் முதல் துணைக்கேள்வியில் உடைந்துவிடும்.

கடைசியாக, நால்வரும் ஒரே மாதிரி எழுதினால் பிரச்சினையா என்றும் கேட்டிருந்தீர்கள். ரிஃப்ளெக்‌ஷன் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டியது. சம்பவம் ஒன்றாக இருப்பதில் தவறில்லை, ஆனால் கேமரா பிடித்தவருக்கும் அட்டை வடிவமைத்தவருக்கும் அதே காய்ச்சல் வேறு வேறு முடிவுகளைக் கேட்டிருக்கும். அட்டைக்காரர் முகத்தை மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார். அதை அவர் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். நீங்கள் எடிட்டர். பாட்டு நிமிடத்துக்கு 120 பீட் என்றும், 25 ஃபிரேமில் வெட்டியதால் ஒரு பீட் 12.5 ஃபிரேமாகி, ஒன்றுவிட்டு ஒரு பீட்டில் வெட்டு அரை ஃபிரேம் உதைத்தது என்றும், முகம் மறையும் இடத்தில் மட்டும் பீட்டுக்கு வெட்டாமல் ஒரு மூச்சு தாமதித்து வெட்டியதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே நல்ல வரி அதுதான். ஏன் தாமதித்தீர்கள்? அதுவரை ஒவ்வொரு வெட்டும் பீட்டோடு போக, அந்த ஒன்று மட்டும் ஏன் பிந்தியது? அதை யாரும் உங்களிடம் செய்யச் சொல்லவில்லை, காய்ச்சலும் சொல்லவில்லை. டைரியைத் தூர வைத்துவிட்டு, 1 நிமிடம் 50-இல் இருக்கும் அந்த வெட்டிலிருந்து இரண்டாவது வரைவைத் தொடங்குங்கள்.